மெதுவாகப் போகத் தெரியாத படகு

வால்விஸ் பேயில் காலை நேரத்தில் காற்று இருப்பதில்லை. கடலிலிருந்து ஏறி வந்த மூடுபனி ஊரின் மேல் கிடக்கும். துறைமுகத்துக் கிரேன்களின் உச்சி கண்ணுக்குத் தெரியாது. பத்து, பத்தரைக்குப் பனி விலகும். உச்சிப்பொழுது தாண்டியதும் கொடிக்கம்பங்களில் கயிறு தட்டும் சத்தம் கேட்கத் தொடங்கும். மூன்று மணிக்கெல்லாம் மணலை வாரிக்கொண்டு தெற்கிலிருந்து வீசும் காற்றில் எதிரில் நிற்பவரிடம் கத்தித்தான் பேச வேண்டும். உலகத்தின் அதிவேகப் பாய்மரப் படகைச் செய்யக் கிளம்பியவர்கள் நமீபியாவின் இந்தத் துறைமுகத்தில் மாதக்கணக்கில் வந்து தங்கியது அந்தப் பிற்பகல் காற்றுக்காகத்தான்.

பெங்குவேலா என்ற குளிர்ந்த நீரோட்டம் இந்தக் கரையை ஒட்டி வடக்கு நோக்கிப் போகிறது. கரையேறினால் அடுத்த அடியே நமீப் பாலைவனம். வெயில் ஏற ஏற மணல் கொதிக்கும், அதன் மேலிருக்கும் காற்று எழும்பும், அந்த இடத்தை நிரப்பக் கடல்காற்று பாய்ந்து வரும். பிற்பகல் கடல்காற்று நம் கரைகளிலும் உண்டு. ஆனால் இவ்வளவு குளிர்ந்த கடலும் இவ்வளவு சூடான மணலும் ஒட்டி உட்கார்ந்திருக்கும் இடங்கள் உலகில் அதிகம் இல்லை. 25 நாட் காற்று, அதாவது மணிக்கு 46 கிலோமீட்டர், இங்கே பருவகாலத்தில் யாரும் வியந்து பேசுகிற விஷயமல்ல.

காற்று மட்டும் போதுமென்றால் உலகத்தில் இடத்துக்குப் பஞ்சமில்லை. காற்று அடித்தால் அலை எழும், அலை எழுந்தால் வேகம் போய்விடும். பலத்த காற்றும் வேண்டும், தண்ணீரும் தட்டையாக இருக்க வேண்டும். ஒன்றோடொன்று ஒத்துப்போகாத இந்த இரண்டையும் சேர்த்துக் கொடுப்பது ஊருக்கு மேற்கே பெலிகன் பாயின்ட் வரை நீளும் மணல்திட்டு. அதில் மேடோ மரமோ இல்லை. தெற்கிலிருந்து வரும் காற்று அதைத் தடையில்லாமல் தாண்டி வருகிறது, அட்லாண்டிக்கின் அலையோ திட்டின் வெளிப்புறத்திலேயே உடைந்து நின்றுவிடுகிறது. திட்டின் உட்புறம், மணலிலிருந்து சில மீட்டர் தள்ளி, காற்று அப்போதுதான் தண்ணீரைத் தொடுகிறது. அலை வளர அங்கே அதற்கு இடமில்லை. அந்த ஒடுங்கிய பட்டைதான் ஓடுதளம்.

நான் அங்கே போனது 2012ஆம் ஆண்டு அக்டோபரில். அப்போது பாய்மர வேகச் சாதனை எந்தப் படகின் கையிலும் இல்லை. 500 மீட்டர் தூரத்தின் சராசரி வேகம் என்பதுதான் அளவுகோல். 1972இல் இங்கிலாந்தின் போர்ட்லண்ட் துறைமுகத்தில் கிராஸ்போ என்ற படகு 26.30 நாட்டில் தொடங்கி வைத்த கணக்கு அது. 1993இல் ஆஸ்திரேலியாவின் யெல்லோ பேஜஸ் எண்டெவர் 46.52 நாட் வரை கொண்டுபோனது. பிறகு ஒற்றைப் பலகையில் நின்று பாய் பிடிப்பவர்கள் முந்தினார்கள். அவர்களுக்குப் பின், பலகையில் நின்றபடி வானத்தில் பெரிய காற்றாடியைப் பிடித்துக்கொண்டு பறப்பவர்கள் வந்தார்கள். நடுவே 2009இல் பிரான்சின் ஹைட்ராப்டேர் 51.36 நாட் எட்டிப் படகுகளின் மானத்தைக் காப்பாற்றியது. அது நிலைக்கவில்லை. 2010 அக்டோபரில் அமெரிக்கரான ராப் டக்ளஸ், இதே நமீபியாவின் தெற்கே லூடரிட்ஸில் மணலைத் தோண்டி வெட்டிய ஒரு நீர்க்கால்வாயில், காற்றாடியைப் பிடித்துக்கொண்டு 55.65 நாட்டில் போனார்.

அந்த எண்ணைத் தாண்டத்தான் வெஸ்டாஸ் செயில்ராக்கெட் 2 குடாவின் ஓரத்துக் கொட்டகையில் நின்றது. ஓட்டுபவர் ஆஸ்திரேலியரான பால் லார்சன். வடிவமைப்பின் மூளை மால்கம் பார்ன்ஸ்லி, காற்றாலை நிறுவனமான வெஸ்டாஸில் வேலை பார்த்த ஆங்கிலேயர். கட்டமைப்புக் கணக்குகளில் கிறிஸ் ஹார்ன்ஸீ-ஜோன்ஸின் பங்கு பெரிது. குழுவைக் கட்டிக் காத்தவர் சுவீடனைச் சேர்ந்த ஹெலினா டார்வெலிட். ஏறக்குறைய பத்தாண்டு உழைப்பு. இதற்கு முந்தைய படகு ஒன்று அதே தண்ணீரில் கவிழ்ந்து உடைந்திருந்தது. புதியது 2011இல் இங்கிலாந்தின் வைட் தீவில் தண்ணீரைத் தொட்டு, கப்பலேறி இங்கே வந்தது.

கொட்டகைக்குள் நுழைந்ததும் முதலில் தோன்றியது, படகு எந்தப் பக்கம் பார்க்கிறது என்ற குழப்பம். நமக்குப் பழகிய படகில் அணியம் ஒன்று, பின்புறம் ஒன்று, நடுவில் ஒரு மரம். இங்கே ஒல்லியான நீண்ட உடல் ஒன்று, விமானத்தின் உடலைப் போலக் கூர்ந்து கிடக்கிறது. அதிலிருந்து பக்கவாட்டில் ஒரு நீண்ட கை. நீளமும் அகலமும் ஏறத்தாழ சமம், 12 மீட்டர் சொச்சம். உடலின் முன்னும் பின்னும் ஒவ்வொரு மிதவை, கையின் நுனியில் மூன்றாவது. மிதவைகள் மூன்றும் ஒரு திசையைப் பார்க்கின்றன. உடல் மட்டும் அதிலிருந்து சுமார் 20 பாகை விலகி வேறு திசையைப் பார்க்கிறது.

கோணல் போலத் தெரிவது கணக்கு. படகு வேகமெடுக்க எடுக்க, அதன் ஓட்டமே உண்டாக்கும் எதிர்க்காற்று இயற்கைக் காற்றோடு சேர்ந்துகொள்ளும். படகில் இருப்பவருக்குக் காற்று பக்கத்திலிருந்து வருவதாக இராது, முன்னாலிருந்து சற்றே சாய்ந்து வரும். 60 நாட் வேகத்தில் அந்தச் சாய்வு ஏறக்குறைய 20 பாகை. ஆக, படகு ஒரு திசையில் ஓடும்போது அதன் உடல் காற்றை நேர்முகமாகக் கிழித்துக்கொண்டு போகும். காற்றின் இழுவை அந்த அளவுக்குக் குறையும். ஆனால் இந்தக் கணக்கு 60 நாட்டுக்கு மட்டுமே சரி. 10 நாட்டில் இதே உடல் காற்றுக்குக் குறுக்கே நிற்கும் ஒரு சுவர்.

அன்று பார்த்த ஒவ்வொன்றிலும் இதே கதைதான். இந்தப் படகின் ஒவ்வொரு உறுப்பும் உச்ச வேகத்துக்காகச் செய்யப்பட்டது. அதனாலேயே ஒவ்வொரு உறுப்பும் மெதுவான வேகத்தில் படகுக்கு எதிரி. தயாரிப்பு வேலையில் பெரும்பகுதி வேகத்தைக் கூட்டுவதற்கானது அல்ல. வேகம் வரும்வரை படகை உயிரோடு கொண்டுசேர்ப்பதற்கானது.

பாய் என்று சொல்லிப் பழகிவிட்டாலும் இதில் துணி கிடையாது. விமானச் சிறகு ஒன்றை நட்டுக்குத்தலாக நிறுத்தினால் எப்படியோ அப்படி ஒரு சிறகு. உள்ளே கார்பன் இழையில் செய்த தண்டும் விலா எலும்புகளும். மேலே மெல்லிய பிளாஸ்டிக் படலம், சூடு காட்டி இழுத்து முரசுத் தோலின் விறைப்புக்குக் கொண்டுவந்தது. பரப்பு ஏறக்குறைய 20 சதுர மீட்டர். முழுப் படகுமே 300 கிலோவுக்குள் அடங்கும் என்றபோது, அந்தக் கையின் நீளத்தை இன்னொரு முறை நிமிர்ந்து பார்த்தேன்.

காலை வேலை சிறகிலிருந்து தொடங்கியது. இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கமாக நின்று படலத்தின் மேல் உள்ளங்கையை வைத்து அங்குலம் அங்குலமாக நகர்த்திக்கொண்டு போனார்கள். முந்தைய நாளின் மணல் காற்று ஊசிமுனைத் துளைகள் போட்டிருக்கும். கண்ணுக்குப் படாத துளை கைக்குத் தட்டுப்படும். தட்டுப்பட்ட இடத்தில் துடைத்து, ஒளி ஊடுருவும் டேப்பை வெட்டி ஒட்டி, விளிம்பை நகத்தால் அழுத்தி, மேலே சூடு காட்டினார்கள். அடுத்தவர் கார்பன் பாகங்களை ஒரு நாணயத்தால் தட்டிக்கொண்டே வந்தார். நல்ல இடத்தில் கணீரென்று கேட்கும். அடுக்குகள் உள்ளே பிரிந்திருந்தால் ஓசை மங்கிவிடும். ஓர் இடத்தில் நின்று மூன்று முறை தட்டினார், காதை வைத்துக் கேட்டார், பென்சிலால் வட்டம் போட்டார். வட்டம் போட்ட இடத்தை வேறொருவர் வந்து தட்டிப் பார்த்து, சரிதான் என்று அழித்த பிறகே வேலை நகர்ந்தது. யாரும் அவசரப்படவில்லை. பனி விலகாத காலையில் அவசரப்பட்டும் பயனில்லை.

எனக்கு நெடுநேரம் நிற்கத் தோன்றிய இடம் உடலுக்கு அடியில், இரண்டு மரக்கட்டைகளுக்கு நடுவே, ஈரத்துணி சுற்றிக் கிடந்த ஃபாயில். நீருக்கடியில் இருக்கும் சிறகு அது. படகின் மொத்த விதியும் அதில்தான் இருக்கிறது.

பாய்மரப் படகு ஏன் சாய்கிறது? காற்று உயரத்தில் தள்ளுகிறது, தண்ணீர் கீழே பிடித்துக்கொள்கிறது. இரண்டு விசைக்கும் நடுவே இடைவெளி இருப்பதால் படகு புரளப் பார்க்கிறது. அதைத் தடுக்க எடை வைப்போம், இன்னொரு மிதவை கட்டுவோம், ஆளை விளிம்பில் உட்கார வைப்போம். அமெரிக்க ராக்கெட் துறை விஞ்ஞானி பெர்னார்ட் ஸ்மித் 1963இல் வெளியிட்ட நூலில் வேறு வழி சொன்னார். சிறகைச் சாய்த்து ஒரு பக்கம் வை, நீர்ச்சிறகைச் சாய்த்து எதிர்ப்பக்கம் வை. இரண்டின் விசையும் ஒரே கோட்டில் எதிரெதிராக இழுக்கட்டும். அப்போது புரட்டும் விசை என்று ஒன்றே இருக்காது, காற்று எவ்வளவு கூடினாலும் படகு சாயாது. காகிதத்தில் மிக அழகான யோசனை. நூலின் தலைப்பே 40 நாட் பாய்மரப் படகு. செயில்ராக்கெட் அந்த யோசனையின் உடல். கை நுனியில் சாய்ந்து நிற்கும் சிறகு மேல்நோக்கியும் பக்கவாட்டிலும் இழுக்கும். உடலின் அடியில் சாய்ந்திருக்கும் ஃபாயில் தண்ணீரைப் பற்றிக்கொண்டு எதிர்த்திசையில் கீழ்நோக்கி இழுக்கும்.

இந்த அழகுக்குள் ஒரு பயங்கரமும் இருக்கிறது. ஃபாயில் ஒரு கணம் பிடியை விட்டால் சிறகைப் பிடித்துவைக்க எதுவுமில்லை. 2008 டிசம்பரில் முதல் செயில்ராக்கெட் 50 நாட்டைத் தாண்டிய வேகத்தில் அணியம் தூக்கி, காற்றில் பின்குட்டிக்கரணம் அடித்து, தலைகீழாகத் தண்ணீரில் விழுந்தது. லார்சன் பிழைத்தார். அதே டிசம்பரில் பிரான்சில் ஹைட்ராப்டேரும் 60 நாட்டைத் தொட்ட நொடியில் கவிழ்ந்தது. இரண்டு குழுவினரும் மறுபடி கட்டினார்கள். வேகச் சாதனையைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்குகிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதைத்தான். உடைந்த படகைக் கரைக்கு இழுத்து வந்து, எந்தக் கணக்கு பொய்த்தது என்று உட்கார்ந்து தேடுகிற மனம் சாதாரணமானதல்ல.

ஃபாயிலுக்கு இன்னொரு சுவரும் உண்டு. நீருக்கடியில் ஓடும் சிறகின் ஒரு பக்கம் நீர் அழுத்தும், மறுபக்கம் உறிஞ்சும். வேகம் கூடக் கூட இரண்டும் கூடும். அழுத்தத்துக்கு எல்லை இல்லை. உறிஞ்சலுக்கு இருக்கிறது. நீரின் மேல் பரப்பை அழுத்திக்கொண்டிருப்பது ஒரு வளிமண்டல அழுத்தம்தான், அதற்குக் கீழே குறைக்க அவ்வளவுதான் இருப்பு. அது தீர்ந்துபோகும்போது குளிர்ந்த நீர் அப்படியே கொதிக்கிறது. ஆவிக் குமிழிகள் எழுந்து, ஃபாயிலின் முதுகை விட்டு நீர் விலகி, பிடி தளர்ந்து, இழுவை ஏறிவிடும். 50 நாட்டுக்குச் சற்று மேலே படகுகள் வந்து வந்து முட்டிக்கொண்டது இந்தச் சுவரில். இன்னும் பெரிய சிறகு வைத்தாலும், இன்னும் பலத்த காற்றைத் தேடிப் போனாலும் அது நகராது.

செயில்ராக்கெட் குழு அந்த உறிஞ்சலையே கைவிட்டது. துணியை விலக்கிக் காட்டினார்கள். வழக்கமான சிறகின் வெட்டுமுகம் முன்னால் உருண்டு, பின்னால் மெலிந்து முடியும். இது நேர் எதிர். முன் விளிம்பு கத்தி. பின்னே போகப் போகத் தடித்து, திடீரென்று வெட்டிவிட்டது போல முடிகிறது. விறகு பிளக்கும் கோடாலியின் அலகை நீருக்குள் நிறுத்தி இழுத்தால் பின்னால் தண்ணீர் சேராமல் ஒரு பள்ளம் விழும் அல்லவா, அதுதான் இங்கே நடக்க வேண்டும். அந்தப் பள்ளத்துக்குள் மேலேயிருந்து காற்று இறங்கி வந்து நிரம்பும். ஆவிக் குமிழி நிலையற்றது, காற்றுப் பள்ளமோ நிலைத்து நிற்கும். ஃபாயில் தன் வேலை முழுவதையும் அழுத்தும் முகத்தாலேயே செய்யும். 60 நாட்டில் நீர் எதிர்த்து மோதும் அழுத்தம் நாலரை வளிமண்டலத்தைத் தாண்டும் என்பதால் அந்த ஒரு முகமே போதும்.

ஃபாயிலைக் கவனித்துக்கொண்டிருந்தவர் படகு கட்டும் தொழிலில் வளர்ந்த இளைஞர். முன் விளிம்பில் கட்டைவிரல் நகத்தை வைத்து மேலிருந்து கீழாக மெல்ல ஓட்டினார். நகம் ஓரிடத்தில் லேசாகத் தட்டியது. கண்ணை அருகே கொண்டுபோய்ப் பார்த்தால்தான் தெரிகிற ஒரு பிசிறு, கடுகில் பாதிகூட இராது. முந்தைய ஓட்டத்தில் மணலோ சிப்பியோ பட்டிருக்கும். எபாக்சியில் பட்டி குழைத்து, நுனிக் கத்தியால் வைத்து, விளக்கைப் பக்கத்தில் இழுத்து உலர விட்டார். பிறகு வாட்டர் பேப்பரை ஒரு சின்ன ரப்பர் கட்டையில் சுற்றி, தண்ணீரில் தொட்டுத் தொட்டு, நீளவாக்கில் மட்டும் தேய்த்தார். ஒரு தேய்ப்பு, ஒரு துடைப்பு, நகத்தால் ஒரு சோதனை. முக்கால் மணி நேரம் இதிலேயே போனது. இவ்வளவு சிறிய பிசிறுக்கு இவ்வளவு நேரமா என்று கேட்டேன். காற்று இறங்க வேண்டிய இடத்தில் இறங்குவது பிரச்சினை இல்லை, இறங்கக் கூடாத இடத்தில் இந்தப் பிசிறைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிட்டால் பிடி போய்விடும் என்றார். கையை நிறுத்தாமலே சொன்னார்.

பதினொன்றரைக்கு மின்சாரப் பகுதி. சாதனையை அங்கீகரிக்கும் உலகப் பாய்மர வேகச் சாதனைக் குழு ஒரு நடுவரை அனுப்ப வேண்டும். அவர் வந்து தங்கும் செலவு படகுக்காரர்களுடையது. ஆகவே சும்மா வரவழைக்க முடியாது, படகு தயார் என்ற நம்பிக்கை வந்த பிறகுதான் தேதி குறிப்பார்கள். முன்பெல்லாம் கரையில் குறி நட்டு நேரம் பார்த்தார்கள். இப்போது படகில் பொருத்தும் துல்லியமான ஜிபிஎஸ் கருவி ஓட்டம் முழுவதையும் பதிவு செய்கிறது, அதில் சிறந்த 500 மீட்டரை எடுத்துக்கொள்ளலாம். நடுவர் இல்லாத அந்தப் பயிற்சி நாளிலும் கருவிகளைச் சாதனை நாளைப் போலவே பூட்டினார்கள். பேட்டரி, கேமரா, விசையை அளக்கும் உணரிகளின் வயர் முனைகள் ஒவ்வொன்றையும் ஒருவர் உரக்கப் படிக்க இன்னொருவர் தொட்டுப் பார்த்துப் பதில் சொன்னார். ஓட்டுபவரின் தலைக்கவசம், மிதவைச் சட்டை, தண்ணீருக்கடியில் சிக்கினால் மூச்சுவிடச் சின்னக் காற்றுக் குடுவை இவையெல்லாம் கடைசியில்.

பனி விலகிய பிறகு படகைத் தண்ணீரில் இறக்கினார்கள். சிறகைப் படுக்கை வாட்டில் மேலே கட்டி, ரப்பர் படகு முன்னால் மெதுவாக இழுத்துக்கொண்டு போனது. வழியில் பூநாரைக் கூட்டங்கள் சேற்றில் நின்று தலையைக் கவிழ்த்து இரை தேடிக்கொண்டிருந்தன. இந்தக் குடாவின் ஈரநிலம் ராம்சார் பட்டியலில் இருக்கிறது. பூநாரைகள் இங்கே ஆயிரக்கணக்கில் வரும். பெலிகன் பாயின்ட்டில் கடல்நாய்களின் பெருங்கூட்டம் உண்டு. பார்க்க வருகிறவர்களுக்கு அவை காட்சி, வேகப் படகுக்கு ஆபத்து. 60 நாட்டில் போகும்போது நீருக்கு மேல் ஒரு கடல்நாயின் தலை வந்தால் திருப்பவும் நேரமில்லை, நிறுத்தவும் நேரமில்லை. ஓட்டத்துக்கு முன் ரப்பர் படகு ஓடுதளத்தை முழுவதும் ஒருமுறை ஓடிப் பார்க்க வேண்டியிருப்பது அதனால்தான். மிதக்கும் கடற்பாசியையும் அப்போதே பொறுக்கி எடுத்துவிடுகிறார்கள். ஃபாயிலில் ஒரு இழை சுற்றினாலும் அன்றைய ஓட்டம் வீண்.

மணல்திட்டின் கரையில் சிறகை எழுப்பும் வேலைதான் நாளின் மிக நெருக்கடியான கட்டம். துணிப் பாயென்றால் காற்று கூடும்போது இறக்கலாம், சுருட்டலாம். விறைப்பான சிறகுக்கு அந்த வசதி இல்லை. நிமிர்த்திய கணத்திலிருந்து திரும்பப் படுக்க வைக்கும்வரை அது வேலை செய்துகொண்டே இருக்கும், யாரும் கேட்காவிட்டாலும். இரண்டு பேர் அடியைப் பிடிக்க, மற்றவர்கள் கயிறுகளோடு மணலில் பரவி நிற்க, ஒருவர் மட்டும் குரல் கொடுத்தார். மற்ற யாரும் வாயைத் திறக்கவில்லை. சிறகின் முன் விளிம்பு சரியாகக் காற்றை நோக்கியபடி எழ வேண்டும். சில பாகை தவறினால் அது ஆட்களைத் தூக்கிக்கொண்டு போகப் பார்க்கும். எழுந்து நின்றதும் கயிறுகளை இறுக்கி, கப்பிகளைச் சரிபார்த்து, சிறகைக் காற்றோடு தானே திரும்ப விட்டுவிட்டார்கள். காற்றுக்காட்டியைப் போல அது தானாக அசைந்து கொண்டிருந்தது. அந்த நிலையில்தான் அது சாது.

பிறகு காத்திருப்பு. காற்று 18 நாட்டில் நின்றுகொண்டிருந்தது. சின்னக் கைக்கருவியை உயரப் பிடித்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒருவர் எண்ணைச் சொன்னார். மணல் முகத்தில் அடித்தது. மூன்றரை மணிக்கு எண் 22, பிறகு 24. யாரோ தண்ணீர்ப் போத்தலை மூடி வைத்தார்கள், எல்லோரும் எழுந்தார்கள்.

கரையிலிருந்து பார்க்கிறவர்கள் எதிர்பார்ப்பது வேகத்தை. கவனிக்க வேண்டியது அதற்கு முந்தைய ஒன்றிரண்டு நிமிடங்களை. படகு சும்மா மிதக்கும்போது அந்த ஆப்பு வடிவ ஃபாயில் மோசமான ஃபாயில். பின்னால் காற்றுப் பள்ளம் விழாததால் அந்தத் தடித்த பின்புறம் தண்ணீரை இழுத்துக்கொண்டு நிற்கிறது, பிடியும் இல்லை. சிறகை இழுத்தால் படகு முன்னே போவதற்குப் பதிலாகப் பக்கவாட்டில் வழுக்குகிறது. உடல் காற்றுக்குக் குறுக்கே கிடக்கிறது. மிதவைகள் வழுக்கி ஓடச் செய்யப்பட்டவை, மெதுவாகப் போனால் தண்ணீரை உழும். ஆகவே ரப்பர் படகு பக்கத்தில் ஒட்டிக்கொண்டு, நடை பழகும் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பதற்றத்தோடு, அணியத்தைத் திருப்பிப் பிடித்து, கொஞ்சம் ஓட்டம் கொடுத்து, சரியான நொடியில் கயிற்றை விட வேண்டும். லார்சன் சிறகின் கயிற்றை இழுக்கும் அளவில்தான் எல்லாம். அதிகம் இழுத்தால் சிறகைச் சுற்றிய காற்றோட்டம் அறுந்துவிடும், குறைத்தால் படகு கரையை விட்டு நழுவிப் போகும்.

முதல் முயற்சியில் அதுதான் நடந்தது. படகு வழுக்கி, திரும்பி, நின்றது. ரப்பர் படகு போய்ப் பிடித்து மறுபடி மேலே இழுத்து வந்தது. இந்தப் படகுக்கு ஒரே ஒரு பக்கத்துக் காற்றில்தான் ஓடத் தெரியும், மறுபக்கம் திரும்பி வர அதனால் முடியாது. ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் காற்றை எதிர்த்து மெல்ல மெல்ல இழுத்து வந்துதான் ஆக வேண்டும். பதினைந்து இருபது நொடி ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் அரை மணி நேரம் இழுவை.

இரண்டாவது முயற்சியில் ஃபாயில் பிடித்தது. அந்தக் கணத்தைக் கரையிலிருந்தே கண்டுகொள்ளலாம். அதுவரை படகைச் சுற்றித் தெறித்துக்கொண்டிருந்த தண்ணீர் ஒரே நொடியில் அடங்கி, பின்னால் ஒரு மெல்லிய வெள்ளைக் கோடாக நீண்டது. முன் மிதவை எழும்பியது, கை நுனி மிதவை எழும்பியது. அதன் பிறகு வேகம் கூடிய விதத்துக்கு நான் தயாராக இருக்கவில்லை. இன்ஜின் சத்தம் இல்லை. எங்களுக்கு இருபது மீட்டர் முன்னால் அது கடந்து போனபோது கேட்டது, காற்றைக் கிழிக்கும் ஒரு சீறல் மட்டும். தலையைத் திருப்புவதற்குள் அது சிறிதாகிவிட்டிருந்தது.

அன்று சாதனை எதுவும் இல்லை. பயிற்சி நாளில் யாரும் அதை எதிர்பார்க்கவும் இல்லை. சிறகைப் படுக்க வைத்து, இருட்டும் நேரத்தில் கொட்டகைக்கு இழுத்து வந்து, நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவினார்கள். மடிக்கணினியில் அந்த ஓட்டத்தின் கோடு விரிந்தது. எல்லோரும் பார்த்தது உச்ச வேகத்தை அல்ல. ரப்பர் படகு கயிற்றை விட்ட நொடியிலிருந்து ஃபாயில் பிடித்த நொடிவரை உள்ள ஒரு சின்னத் துண்டைத்தான் திரும்பத் திரும்பப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். சிறகை இழுத்த கோணம் எவ்வளவு, எத்தனை நொடி, அப்போது காற்று எவ்வளவு. சுவரிலிருந்த வெள்ளைப் பலகையில் மறுநாளுக்கான வேலைகள் ஏறின.

அடுத்த மாதம் நடந்தது ஊரறிந்தது. 2012 நவம்பரில் நடுவர் முன்னிலையில் செயில்ராக்கெட் முதலில் 59.23 நாட் ஓடி ராப் டக்ளஸின் எண்ணைத் தாண்டியது. படகு கைக்கு அடங்கிவிட்டது, இன்னும் இருக்கிறது என்று தெரிந்ததால் அதோடு நிறுத்தவில்லை. நவம்பர் 24ஆம் தேதி 65.45 நாட். மணிக்கு 121 கிலோமீட்டருக்குச் சற்று மேல். 500 மீட்டரை ஏறக்குறைய பதினைந்து நொடியில் கடந்திருக்கிறது, அடித்த காற்றைப் போல இரண்டு மடங்குக்கும் மேலான வேகத்தில். இடையில் ஒரு நொடி 68 நாட்டையும் தொட்டது. முந்தைய சாதனைகள் ஒன்றையொன்று சிறிது சிறிதாகத் தாண்டிக்கொண்டிருந்த துறையில், ஒரே மாதத்தில் ஏறக்குறைய பத்து நாட் தாவல். தண்ணீர் கொதிக்கும் அந்தச் சுவர் இருந்த இடத்திலேயே இருக்கிறது. படகு அதைச் சுற்றிக்கொண்டு போய்விட்டது.

பத்தாண்டு கடந்தும் அந்த எண்ணை எவரும் தொடவில்லை. சுவிட்சர்லாந்துப் பொறியாளர்கள் தொடங்கிய எஸ்பி80 என்ற குழு, சிறகுக்குப் பதிலாகக் காற்றாடியைக் கட்டிய படகோடு 80 நாட்டைக் குறிவைத்து, பிரான்சின் தெற்கே லூக்காட் கரையில் ஓட்டிப் பார்த்திருக்கிறது. அவர்களுடைய ஃபாயிலும் காற்றை இறக்கிக்கொள்ளும் வகைதான். அவர்களுக்கும் காற்றாடி உயர ஏறி, படகு நகர்ந்து, ஃபாயில் பிடிக்கும் வேகம் வரும்வரை உள்ள அந்தச் சின்னத் துண்டைத் தாண்டியாக வேண்டும்.